கால்வாய்க் கரையில் நிலவியல் வகுப்பு வேண்டும்

நம் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு ஏற்றது என்பதை எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். 1953இல் ராஜாஜி, பள்ளிக்கூட நேரத்தைப் பாதியாக வெட்டி, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார். பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்குக் ‘குலக்கல்வி’ என்று பேர் வைத்து எதிர்த்ததும், மறுவருஷம் அவர் பதவியை விட்டுப் போனதும், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டதும் நமக்குத் தெரிந்த கதைதான். திட்டம் போனது சரி, அந்தப் புத்தியும் கூடவே போய்விட்டதா? சந்தேகமிருந்தால் இன்றைய சமுதாயக் கல்லூரிகளின் பாடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நோயாளி பராமரிப்பு, ஹவுஸ் கீப்பிங், ஏசி மெக்கானிக், தையல், அழகுக்கலை, டேட்டா என்ட்ரி. பெரிய வீட்டைச் சுத்தம் செய்ய, பெரிய வீட்டு ஏசியை ரிப்பேர் பண்ண, பெரிய வீட்டுக் கிழவரைப் பார்த்துக்கொள்ள. வேலை கிடைக்கிற படிப்புதானே, இதிலென்ன தப்பு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களோடு பேசத்தான் இந்தக் கட்டுரை.

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்கச் சரக்கு. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில் தொடங்கியதைத்தான் முதல் கல்லூரி என்று சொல்வார்கள். நம் பக்கத்தில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1998இல் சென்னை – மயிலைப் பேராயமும் ஆரம்பித்தன. 1999இல் இயேசு சபையார் இதற்கென்றே சென்னையில் ஒரு மையம் வைத்தார்கள். 2013 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழுவும் திட்டம் போட்டது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. மார்க் கேட்காமல், வயசு கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். நம் குடும்பங்களில் எத்தனையோ பெண்களுக்கு அதுதான் முதல் சம்பளத்தைக் கொடுத்தது.

ஆனால் அமெரிக்காவில் அதே பெயருள்ள கல்லூரியில் நிலவியல் சொல்லித் தருகிறார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளை, கறுப்பினப் பிள்ளை, அகதியாக வந்தவர் பிள்ளை, குறைந்த கட்டணத்தில் சேர்ந்து ஆற்றங்கரைக்கும் மலைச்சரிவுக்கும் போய், பாறையைத் தொட்டுப் பார்த்துப் படிக்க முடியும். இரண்டு வருஷம் முடித்தபின் அந்தக் கிரெடிட்டைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருஷத்தில் போய் உட்கார வழி இருக்கிறது. இங்கே ஏசி மெக்கானிக் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால் எந்த பி.எஸ்சி.யில் இடம் தருவார்கள்? பேரை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, மேலே ஏறுகிற படிக்கட்டைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள்.

பசிக்கிறவனுக்கு நிலவியல் எதற்கு என்றால், நம்மை விரட்டுவதற்கான காரணங்கள் இப்போது அந்தப் பாஷையில்தான் எழுதப்படுகின்றன. ‘நீர்நிலை ஆக்கிரமிப்பு’, ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’, ‘வெள்ள அபாயப் பகுதி’, ‘கடலோர ஒழுங்குமுறை மண்டலம்’. சேரிக்காரன் தீட்டு என்று சொன்னால் வன்கொடுமைச் சட்டம் பாயும். சேரிக்காரன் வெள்ள நீரைத் தடுக்கிறான் என்று சொன்னால் அது விஞ்ஞானம். கோர்ட்டில் அதை எதிர்க்க நமக்கு வக்கீல் இருக்கிறார். வரைபடத்தைப் பிரித்து வைத்து, இந்த மட்டக்கோடு தப்பு என்று சொல்ல ஆள் இல்லை.

நான் இருக்கிற பக்கத்துக் கதையையே சொல்கிறேன். அபிராமபுரத்தை மேற்கே விட்டு நடந்தால் மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், நடுவில் பக்கிங்காம் கால்வாய். 2022 மே மாதம், இந்தக் கால்வாயை ஒட்டிய கோவிந்தசாமி நகர் இளங்கோ தெருவில் பல பத்தாண்டுகளாக இருந்த வீடுகளை உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் இடித்தார்கள். மே 8ஆம் தேதி அங்கே வாழ்ந்த ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். பிழைக்கவில்லை. உயிர் ஒன்று போன பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமே மாற்று வீடு தருவோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள்.

கால்வாயைச் சுருக்கியது இளங்கோ தெரு மட்டுந்தானா? தலையை நிமிர்த்திப் பார்த்தால் பறக்கும் ரயில். 1997இல் திருமயிலை வரைக்கும், 2007இல் வேளச்சேரி வரைக்கும் வந்த அந்த ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. ஸ்டேஷன்கள் கால்வாய் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு ஸ்டேஷன் எத்தனை மீட்டர் அகலத்தை விழுங்கியது, ஒரு குடிசை வரிசை எத்தனை மீட்டரை எடுத்தது? டேப்பைப் பிடித்து அளந்தால் ஒரு சனிக்கிழமைக்குள் தெரிந்துவிடும். இது நிலவியல் மாணவருக்கு முதல் மாதப் பயிற்சி. இதற்கு இங்கிலீஷ் தேவையில்லை.

விரட்டி எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று பார்ப்பது இரண்டாவது பயிற்சி. 2000 முதல் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரைக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிக்கொண்டுபோன பெரும்பாக்கம். மூன்றுமே பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதற்குத் தண்ணீர் வந்து போகும் வழியையும் ஒட்டிய தாழ்வான இடங்கள். சதுப்புத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக வடிந்து போய்ச் சேருகிற இடம் எது தெரியுமா? அதே பக்கிங்காம் கால்வாய்! மயிலாப்பூரில் கால்வாய்க் கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று தூக்கி, பதினைந்து இருபது கிலோமீட்டர் தெற்கே அதே கால்வாய்க்குத் தண்ணீர் வடிகிற பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள். 2015இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் நின்றது. 2022இல் அந்தச் சதுப்பில் 1,247 ஹெக்டேரை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், சந்தோஷம். ஆனால் ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்த தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான் எழுந்து நிற்கிறது. அதற்கு எந்தப் புல்டோசரும் போனதாக நான் கேள்விப்படவில்லை.

சரி, கால்வாய்க்குத் திரும்புவோம். நம் பாடப்புத்தகம் இங்கேதான் இருக்கிறது.

1806 வாக்கில் வடக்கே தொடங்கிய இந்தக் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் துண்டு மட்டும் ரொம்ப நாள் வெட்டப்படாமல் கிடந்தது. அதை வெட்டியது 1877–78இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பேரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் அதிகம் செத்தவர்களும், நிவாரண வேலைக்கு மண்வெட்டி தூக்கி வந்தவர்களும் கையகல நிலம்கூட இல்லாத கூலிகள். பறையர் முதலான நம் சாதிகள். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமாகக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது, சாவான் என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுதிச் சண்டை போட்டார். அப்படிப்பட்ட நாட்களில் வெட்டிய மண்தான் இந்தக் கரை. வெட்டியவர்களின் வழியில் வந்தவர்கள் அதன் கரையில் குடிசை போட்டால் ‘ஆக்கிரமிப்பு’ என்கிற வார்த்தை எந்த வாயால் வருகிறது?

இனி சேற்றைப் பார்க்கலாம். முகத்தைச் சுளிக்காமல் கரையில் குந்தி, ஒரு குச்சியை இறக்கி எடுங்கள். மேலே பழுப்பாக ஒரு மெல்லிசான ஏடு, கீழே மை மாதிரிக் கறுப்பு. ஏன் கறுப்பு? கடல் தண்ணீரில் சல்பேட் உப்பு நிறைய. முகத்துவாரம் திறந்திருக்கும்போது அது உள்ளே ஏறி வருகிறது. நகரத்தின் கழிவு அத்தனையும் இதில் சேர்வதால் பிராணவாயு தீர்ந்துபோகிறது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவுக்குப் பதிலாகச் சல்பேட்டைப் பயன்படுத்தி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் கக்குகின்றன. அந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு இரும்பு சல்பைடு. சேராமல் மேலே வந்தால் அழுகின முட்டை நாற்றம். இவ்வளவுதான் வேதியியல்.

இதே வாயுதான் பாதாளச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் நம் ஆட்களைக் கொல்கிறது. காற்றைவிடக் கொஞ்சம் கனம், அதனால் அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கின் நரம்பையே மரக்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற கணம்தான் சாவு. 2013இல் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் இறங்கச் சொல்கிறார்கள், இறந்துகொண்டும் இருக்கிறார்கள். இந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் ‘காற்றற்ற படிவுச் சூழல்’ என்று ஸ்லைடு போட்டு நடத்துவார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அந்த வகுப்பில் மேன்ஹோல் என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை.

விசாலாட்சி தோட்டத்துப் பக்கம் எனக்குப் பெரியப்பா முறையாகிற ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் உறைக்கிணறு இறக்கினவர். சுற்றுவட்டாரத்துப் பங்களாக்களில் இவர் கை படாத கிணறு குறைவு. அவரிடம் ஒருநாள் கேட்டேன், பூமிக்குள்ள என்னென்ன இருக்கு பெரியப்பா என்று. “மேல மணலு. அப்பால களி, கறுப்பா, கையில ஒட்டும், கிளிஞ்சல் கெடக்கும். அத்த தாண்டுனா குருமணலு, தண்ணி நல்லாருக்கும். அதுக்கும் கீழ போவாத, உப்பு. அடையாறு பக்கம் போனா சீக்கிரமே பாறை முட்டும்” என்றார். நான் மூன்று வருஷம் படித்த கடலோர நீர்த்தாங்கிப் பாடம் இதற்குமேல் என்ன சொன்னது? நன்னீர் கனம் குறைவு, அது உப்புநீர் மேல் மிதக்கிறது; மேலிருந்து அதிகம் உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறும் என்கிற காரணத்தைச் சொன்னது. அந்தக் காரணம் முக்கியம், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெரியப்பாவுக்கு அடுக்கு தெரியும், எனக்குக் காரணம் தெரியும். இரண்டையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்க இந்த நாட்டில் ஓர் இடமும் இல்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனபோது, டிவி விவாதங்களில் பெரியப்பா மாதிரி ஒருவரையாவது நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களா?

இப்படிப் பேசும்போதே ஒரு பயம் வருகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ‘கள வழிக் கல்வி’, ‘அனுபவ அறிவு’ என்று இனிக்க இனிக்கப் பேசி, மறுபடியும் நம் பிள்ளை கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, பேனாவை அவாள் வைத்துக்கொண்டால்? ராஜாஜிகூடக் கைத்தொழிலின் மேன்மையைப் பற்றித்தானே பேசினார்! மண்ணைத் தொடுவது நமக்குப் புதிதல்ல. மண் தோண்டினோம், கல் உடைத்தோம், சாக்கடையில் இறங்கினோம், பிணம் புதைக்கக் குழி வெட்டினோம். நம்மைத் தொடவிடாமல் வைத்திருந்தது வரைபடத்தையும் பேர் வைக்கிற அதிகாரத்தையும்தான்.

பேர் வைப்பதைப் பற்றிச் சொல்ல நம் ஊர்க் கல்லையே எடுத்துக்கொள்ளலாம். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கம் நீலச்சாயல் ஓடும் கரும்பாறை, ஏறத்தாழ 250 கோடி வருஷப் பழசு. உலகம் முழுக்க இந்த வகைப் பாறைக்குச் ‘சார்னோகைட்’ என்றுதான் பேர். யார் இந்தச் சார்னோக்? கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வியாபாரம் பார்த்த ஜாப் சார்னோக். அவர் கல்லறைக்குப் போட்ட கல் இந்த ஊரிலிருந்து போன கல். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து செத்தவர் பேரையே பாறைக்குச் சூட்டிவிட்டார். பல்லாவரத்தில் அதை உடைத்தவன் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. 1863 மே 30ஆம் தேதி அதே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்வரலாற்றின் தந்தை ஆனார். அவர் கண்டெடுத்தது சரளை எடுக்க வெட்டிய குழியில். குழியை வெட்டியவர் யார்? சென்னையைச் சுற்றிய கல்குவாரிகளில் பிறகு கொத்தடிமைகளாகக் கிடந்து, படிகத் தூசியை மூச்சோடு இழுத்து நுரையீரல் கல்லாகிச் செத்தவர்கள் யாருடைய பிள்ளைகள்?

ஆகவே நான் கேட்கிற வகுப்பில் ஒரு நிபந்தனை இருக்க வேண்டும்: தோண்டுகிற பிள்ளையே அளக்க வேண்டும், எழுத வேண்டும், வரைபடத்தின் மூலையில் தன் பேரைப் போட வேண்டும். அறிக்கை தமிழில் அச்சாக வேண்டும்.

களம் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் பேசியாக வேண்டும். நான் படித்த கல்லூரியின் பேர் வேண்டாம். களப்பயணத்துக்குக் கட்டணம் என்று ஒரு தொகை கேட்டார்கள். கட்ட முடியாத நாலு பேர் வகுப்பில் நின்றுவிட்டோம். நாலு பேரும் எந்தத் தெருக்காரர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷம் கடன் வாங்கிப் போனேன். ஒரு கிராமத்தில் கிணற்றின் நீர்மட்டம் அளக்கப் போனபோது, கிணற்றுக்காரர் “தம்பி எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பாறையின் சாய்வை அளக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று கற்றுத்தரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் ஒன்று: பத்து மணி நேரம் வெட்டவெளியில் நடக்கிறவளுக்கு ஒதுங்க இடம் உண்டா என்று எந்தக் களக் கையேட்டிலும் போட்டிருக்காது. 2018இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை, அமெரிக்காவில் புவி அறிவியலில் முனைவர் பட்டம் பெறுகிறவர்களிடையே கறுப்பின, பூர்வகுடி, லத்தீன் மக்களின் பங்கு நாற்பது வருஷத்தில் நகரவே இல்லை என்று கணக்குக் காட்டியது. அங்கே குறைந்தபட்சம் கணக்காவது எடுத்தார்கள். இங்கே நிலவியல் துறைகளில் எத்தனை தலித் பேராசிரியர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ரோஸ்டரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதனால்தான் தூரத்து மலைக்குப் போகிற களப்பயணத்தைவிட வாசற்படியிலேயே களம் வேண்டும் என்கிறேன். நம் தெருவில் நம்மை ‘எந்தப் பக்கம்’ என்று எவனும் கேட்க மாட்டான். அபிராமபுரத்தை மையமாக வைத்து நடந்தால், அரை நாளில் கால்வாய்ச் சேறு இருக்கிறது. அடையாறு முகத்துவாரத்தில் மணல்திட்டு எப்படி வாயை அடைக்கிறது என்று பார்க்கலாம். கடலோரம் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகம் கட்டி அதைத் தடுத்ததால் மெரினா அகன்றது, அதற்கு வடக்கே ராயபுரம், காசிமேட்டுக் கரையைக் கடல் தின்றது என்பதைக் கண்ணால் காட்டலாம். குவிபிள் ஐலண்ட் கல்லறையில் கறுப்புக்கல், சலவைக்கல் எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. மெட்ரோ ரயிலுக்கு மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு வழியாக அடையாற்றுக்குக் கீழே சுரங்கம் போட்டார்களே, அதற்கு முன் துளை போட்டு எடுத்த மண்மாதிரிகள் நம் வீட்டுக்கு அடியில் இருப்பதன் குறுக்குவெட்டு. மக்கள் பணத்தில் எடுத்த அந்த விவரத்தை மாணவர்களுக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. செலவு பெரிசில்லை. சுத்தியல், கைலென்ஸ், சாய்வு பார்க்கிற காம்பஸ், டேப், தண்ணீரின் உப்பை அளக்கிற சின்னக் கருவி, ஆளுக்கொரு நோட்டு.

வேலை? நிலத்தடி நீர் அளவெடுப்பு, மண் பரிசோதனைக் கூடம், கட்டுமானத்துக்குத் துளையிட்டுப் பார்க்கிற கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் களத்தில் அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் படிப்பு அதோடு நின்றால் மறுபடி உதவியாள் வேலைதான். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் உதவி நிலவியலாளர் பதவிக்கெல்லாம் மேற்பட்டம் கேட்கிறார்கள். ஆகவே இந்த ஒரு வருஷச் சான்றிதழை வைத்து அரசுக் கல்லூரியின் பி.எஸ்சி. நிலவியலில் சேர வழி செய் என்பது கோரிக்கையின் முதல் வரியாக இருக்க வேண்டும். மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் படிக்கிற நம் மாணவர்கள் மாதம் இரண்டு சனிக்கிழமை தந்தால் கல்லூரி சம்மதிக்கும்வரை காத்திராமல் தொடங்கிவிடலாம். ஜூன் சேர்க்கைக்கு முன்பே சமுதாயக் கல்லூரிகளின் நிர்வாகங்களுக்கு மனுக் கொடுக்க வேண்டும், கொடுப்பவர்கள் கூட்டமாகப் போக வேண்டும்.

மனுவில் இன்னொன்றும் எழுத வேண்டும். கிணறு இறக்கியவர், கல் உடைத்தவர், முகத்துவாரத்து மணலை நாற்பது வருஷமாகப் பார்க்கிற மீனவர் ஆகியோரை வகுப்புக்குக் கூப்பிடும்போது பொன்னாடை போர்த்தி, டீ கொடுத்து அனுப்புகிற பழக்கம் கூடாது. வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்கு மணிக்கு என்ன தொகையோ, அதே தொகையை அதே ரசீதில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும்.